மடியே முதற் பள்ளி

ஒரு குழந்தையின் கல்வி எங்கே தொடங்குகிறது என்று இன்று எவரையேனும் வினவினால், முன்பள்ளியிலே என்று விடை கூறுவர். நம் முன்னோரை வினவியிருந்தால், தாயின் மடியிலே என்றிருப்பர். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் புலவர் குழந்தையின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கியவர்கள். பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசன், குறுகுறு நடை நடந்து வந்து, நெய்ச்சோற்றிலே கையை இட்டுத் துழாவி, மேனியெல்லாம் சிதறும் குழந்தையைப் புறநானூற்றிலே பாடினான். அத்தகைய மக்களில்லார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்பது அவன் துணிபு. பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்றுகாற் சிறுதேரைக் காட்டுகின்றது. பனங்காய் இரண்டைக் கோத்து வண்டில் செய்து ஒழுங்கையில் உருட்டிய நம்மூர்ச் சிறுவன், தன்னை அறியாமலே அச்சிறுதேரின் வழித்தோன்றலாகின்றான்.

பிற்காலத்தெழுந்த பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் இதனினுஞ் சிறந்த சான்றாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரும், பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபரரும் இவ்வகை நூல்களைச் செய்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறுதி மூன்றும் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமையும். இதனைப் பத்திநூல் என்று மாத்திரம் கருதிவிடலாகாது. தவழும் பிள்ளை தலையெடுத்து ஆடுவது செங்கீரை. தாலாட்டுக் கேட்பது தால். இரு கைகளையுஞ் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. எந்தத் திங்களிலே பிள்ளை எதனைச் செய்யும், அப்போது தாய் அதனோடு எவ்வாறு விளையாட வேண்டும் என்னும் வரிசை முழுதும் அதிலே உண்டு. அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கும் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வர். சோறூட்டுந் தாய்மாரும் இந்நான்கையும் நன்கறிவரன்றோ!

யாழ்ப்பாணத்து வீடுகளில் இம்மரபு நூலாக அன்றி, வாழ்க்கையாகவே நிலவிற்று. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டி, ஏடும் எழுதுகோலும் பொன்னும் முன்னே வைத்து, பிள்ளை எதனைத் தொடுகின்றது என்று சுற்றத்தார் பார்த்து மகிழ்ந்தனர். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதவும், தென்னங் குருத்தோலையிலே பாம்பும் கிளியும் பின்னவும் தாத்தாமார் கற்பித்தனர். கொக்கான் வெட்டிய சிறுமி எண்ணவும், கண்ணையுங் கையையும் ஒருங்கே செலுத்தவும் பழகினாள். நாயும் புலியும் ஆடிய சிறுவன் முன்யோசனை கற்றான். இவற்றுக்குச் செலவு ஒரு சதமும் இல்லை; வேண்டியது பெரியவர் ஒருவரின் நேரம் மாத்திரமே. ஏடு தொடக்கும் நாளிலே பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தார். பிள்ளை அறிந்த முதலெழுத்து, ஒரு கையின் சூட்டோடு கூடியது.

ஆயினும் பழமை அனைத்தும் நிறைவுடையதென்று கூறுதல் உண்மையாகாது. கதையும் பாட்டும் அறிந்த தாய்மாருட் பலர் எழுத்தறியாதவராகவே இருந்தனர். 1816ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவினர். அவர்களின் நோக்கம் மதம் பரப்புதலே எனினும், தாய் வாசிக்கத் தெரிந்தவளாதல் என்னும் நன்மை அதனால் விளைந்ததை மறுத்தல் நன்றியன்று. மிஷன் பள்ளியிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர், அவர்களது முறையிலுள்ள வலிமையை உணர்ந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மறு ஆண்டில் அச்சியந்திரமும் நிறுவி, பாலபாடங்களை வெளியிட்டார். எளிய வசனத்தில், படிமுறையாக அமைந்த அந்நூல்கள் பள்ளியைக் கடந்து வீட்டுத் திண்ணைக்கும் வந்தன.

பாலபாடம் ஒழுக்கத்தைக் கற்பித்தது; சிரிப்பைக் கொணர்ந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இற் பிறந்து 1953இல் மறைந்த இப்பெரியாரைத் தங்கத் தாத்தா என நாடு போற்றியது. அவர் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டிலே விடுமுறை உண்டு, தோழருண்டு, அடுப்படியில் தாய் கூழ் காய்ச்சுங் காட்சியும், பலாவிலையைக் கோலிக் குடிக்குஞ் சுவையும் உண்டு. கத்தரித் தோட்டத்து வெருளியையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிள்ளையின் உலகத்தைப் பிள்ளையின் கண்ணால் நோக்கியமையே அவரது பெருமை.

நூலைத் தேடிப் பெறும் ஆர்வமும் நம்மவரிடம் வளர்ந்தது. 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் எடுத்த சிறு முயற்சி, 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் எழில்மிகு கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1981இல் அஃது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீள எழுந்தது. ஆனால், வீட்டிலே வாசிக்கும் வழக்கத்தை எவரும் தீயிடாமலே நாம் இழந்து வருகின்றோம்.

சென்ற விடுமுறையில் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு நான் ஒரு கதை சொன்னேன். வயது எட்டு, புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இப்பொழுதே வகுப்புக்குச் செல்பவள். கதை முடிந்ததும் அவள் சிரிக்கவில்லை. “அண்ணா, இதிலே என்ன கேள்வி வரும்?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவள்மீது குற்றமில்லை, கதையைப் பரீட்சைக்குரியதாக மாத்திரம் அவளுக்குக் காட்டியவர் நாம். அவளுடைய பெற்றோரும் அன்பிற் குறைந்தவரல்லர். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சியே ஓடுகின்றனர்.

பெரியோர்களே, பழங்காலத்தை மீட்டுத் தருக என நான் கேட்கவில்லை. இரவிலே கால்மணி நேரம் தொலைபேசியை அப்பால் வைத்து, பிள்ளையை மடியிலிருத்தி ஒரு நூலை வாசியுங்கள். கேள்வி எதுவுங் கேளாதீர்கள். ஆடிப்பிறப்பிற்கு மாவுருட்டும்போது ஒரு பிடி மாவை அதன் கையிற் கொடுங்கள். இளைஞர்களே, உங்கள் தம்பி தங்கையருக்கு ஒரு பூவரசிலையைச் சுருட்டிக் காட்டுங்கள். அறிவுடை நம்பி அரியணையிலிருந்து கண்டு மகிழ்ந்த செல்வம் நம் முற்றத்திலேயே உண்டு. அதன் அருகே சிறிது நேரம் அமர்வோமாக.