பாதாளத்துக்குப் பாதி வழி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட ஒரு வரி போதும். யாரும் வந்து கணக்குக் கேட்பதில்லை. நானும் பலரை அப்படித் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். ஆனால் உயிருள்ள மனிதர்களின் சாவுக்கே முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள் என்று படித்தபோது என் பேனா சற்றுக் கூசியது.

அமெரிக்காவில் பெரிய பாலம் கட்டுகிறவர்களிடையே அந்த நாளில் ஒரு வாய்ப்பாடு வழங்கியது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர்! ஸான்பிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கோ மூன்றரைக் கோடி டாலர் திட்டம். 1933 ஜனவரியில் வேலை ஆரம்பமாயிற்று. வாய்ப்பாட்டின்படி 35 பேர் போயாக வேண்டும்.

தலைமை எஞ்சினீயர் ஜோஸப் ஸ்ட்ராஸ் இந்தக் கணக்குக்கு இசையவில்லை. அவ்வூர்க்காரரான எட்வர்டு புல்லார்டு முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பியவர். படைவீரரின் இரும்புத் தொப்பியை மனத்தில் வைத்து, 1919-ல் கான்வாஸையும் பசையையும் கொண்டு சுரங்கத் தொழிலாளருக்குக் கெட்டித் தொப்பி செய்தவர். அந்தத் தொப்பி பாலத்தில் கட்டாயமாயிற்று. உயரத்தில் நின்று வித்தை காட்டுகிறவனுக்கு வேலை போயிற்று.

இவை போதாவென்று 1936-ல் பாலத்தின் தளத்துக்குக் கீழே கயிற்று வலை ஒன்றை விரித்தார்கள், ஸர்க்கஸ் கூடாரத்தில் கட்டுவது போல! பாலத்தின் அகலத்தைவிடப் பக்கத்துக்குப் பத்தடி கூடுதல். செலவு சுமார் 1,30,000 டாலர். மொத்தத் தொகையில் இது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை.

அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். பெயர், 'நரகத்துக்குப் பாதி வழிச் சங்கம்'! இதில் அங்கத்தினராகச் சந்தா வேண்டியதில்லை, ஒரு முறை கால் வழுக்கினால் போதும்.

இங்கே கதையை முடித்திருந்தால் எனக்குத் திருப்திதான். சரித்திரம் அப்படி முடிக்க விடவில்லை. 1937 பிப்ரவரி 17-ஆம் தேதி, ஐந்து டன் கனமுள்ள தொங்கு சாரம் ஒன்று பிடிப்பு விட்டு வலையின்மேல் விழுந்தது. வலை கிழிந்து சாரத்தோடு கடலுக்குள் போயிற்று. பத்துப் பேர் இறந்தார்கள். முந்தைய அக்டோபரில் ஒருவர் இறந்திருந்தார். மே மாதம் பாலம் திறந்தபோது மொத்தம் பதினொருவர்.

வலை தோற்றதென்று நான் சொல்லமாட்டேன். அது மனிதனைத் தாங்கக் கட்டியது, மனிதர்களைத் தாங்கிற்று. சாரத்தைத் தாங்கியிருக்க வேண்டியவை அதன் பிடிப்புகள். தலைவிதி என்று எல்லோரும் சொல்லி வந்ததில் பெரும்பகுதி, வெறும் செலவு மிச்சம்தான் என்பதை அந்தப் பத்தொன்பது பேரும் உயிரோடு நடந்து காட்டினார்கள்.

ஆனாலும் 35-க்குப் பதில் 11 என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. வாய்ப்பாட்டில் இருந்த முப்பத்தைந்து பேருக்குப் பெயர் கிடையாது. இறந்த பதினொருவருக்கும் பெயர் இருந்தது. மாலையில் வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த வீடும் இருந்தது.