இணைய முகவரியில் ‘அந்தமான் & நிகோபார்’: குறியாக்கம் ஏன் அவசியம்?

அந்தமான் நிகோபார் யூனியன் பிரதேசத்தின் பெயர், படிவங்களில் ‘அந்தமான் & நிகோபார்’ எனவும் எழுதப்படுகிறது. இணைய முகவரியிலோ ‘&’ என்பது ஒரு தகவலை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் குறியாகும். எனவே, பெயரை அப்படியே முகவரியில் சேர்த்தால் சர்வருக்கு ‘அந்தமான்’ மட்டுமே சென்றடையும். விண்ணப்பதாரரின் முகவரி தவறாகப் பதிவாகும்.

இதைத் தவிர்க்க, 2005-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3986 தரநிலை கூறும் முறைப்படி ‘&’ குறியை ‘%26’ எனவும், இடைவெளியை ‘%20’ எனவும் மாற்ற வேண்டும். முழு முகவரியையும் மாற்றாமல், அந்தந்தத் தகவலை மட்டும் ஒருமுறை குறியாக்கம் செய்வதே சரியானது. இருமுறை செய்தால் ‘%26’ என்பது ‘%2526’ ஆகிவிடும்.

பெறும் சர்வர், முகவரியை முதலில் பகுதிகளாகப் பிரித்து, பின்னர் ஒருமுறை மட்டும் குறிநீக்கம் செய்ய வேண்டும். பாதுகாப்புச் சோதனை அதன் பின்னரே நடைபெற வேண்டும். முன்னதாகச் சோதித்தால், குறியாக்கத்தில் மறைந்துள்ள தீங்கான குறிகள் தப்பிவிடும்.