அந்தக் குரல் யாருடையது?

90களில் டிவியில் ஆங்கிலப் பாட்டு பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்போ இந்த வீடியோ நினைவிருக்கும். ஒரு முதியவரின் வாழ்க்கை, இறப்பிலிருந்து பிறப்பு வரை பின்னோக்கி ஓடும்.

எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்'.

அதில் ஒரு வயதான ஆண் குரல் ஓங்கி எழும். என்ன மொழின்னே தெரியாது. ஆனா கேட்டாலே சிலிர்க்கும்.

யார் அந்த மனிதர்? வாங்க, பார்ப்போம்.

எனிக்மா என்பது ருமேனியாவில் பிறந்து ஜெர்மனியில் இசையமைத்த மைக்கேல் கிரெட்டுவின் முயற்சி. சின்தசைசர், டிரம் பீட், கிட்டார். அதற்கு மேல் எங்கோ தொலைவிலிருந்து வரும் ஒரு பழைய குரல். இதுதான் அவரது பாணி.

1990-ல் வந்த 'சேட்னஸ்' பாட்டுக்கு, ஒரு மியூனிக் பாடகர் குழு 1976-ல் வெளியிட்ட லத்தீன் தேவாலயப் பாடல்களிலிருந்து துண்டுகளை எடுத்தார். முன் அனுமதி இல்லை. பிரச்சனையாகி, பின்னர் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது.

1993-ல் அடுத்த ஆல்பம். இந்த முறை பணம் கட்டி அனுமதி வாங்கினார்கள்.

சிக்கலே அங்கேதான்!

அனுமதி கொடுத்தது பாரிஸில் உள்ள ஒரு பண்பாட்டு நிறுவனம். பாடியவர்களோ தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், அவர் மனைவி இகாய். இருவரும் விவசாயிகள். 1988-ல் ஐரோப்பாவுக்குப் பாட அழைத்துப் போனபோது பாரிஸில் பதிவானது அந்தப் பாட்டு. பெரியவர்கள் கூடிக் குடித்து மகிழும்போது பாடுவது.

அது அமெரிக்காவில் 4-ம் இடம் வரை போனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் விளம்பரத்திலும் ஒலித்தது. ஆனால் ஆல்பத்தில் அந்த இருவரின் பெயர் இல்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

1998-ல், 77 வயதில், டிஃபாங் வழக்குத் தொடுத்தார். 1999-ல் சமரசம். பெயரும் பங்கும் கிடைத்தன. 2002-ல் அவர் காலமானார்.

டாக்டர் எதுக்கு இதையெல்லாம் எழுதுறார்னு கேட்கலாம்.

எங்கள் துறையிலும் இதே கதை உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து செல்களை எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. 'ஹீலா' என்ற பெயரில் அந்தச் செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தச் செல்களால் லாபம் பார்த்த ஒரு நிறுவனத்தோடு சமரசம் ஏற்பட்டது 2023-ல்தான்.

செல்லாக இருக்கட்டும், குரலாக இருக்கட்டும். இரண்டிலும் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆய்வகம் செல்லைப் பார்த்தது, ஸ்டூடியோ ஒலிநாடாவைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆளை யாரும் தேடிப் போகவில்லை. அவ்வளவுதான்.

அதனால்தான் ஒப்புதல் என்பது வெறும் காகிதம் இல்லை என்கிறோம். அதை வைத்திருப்பவரிடம் கேட்டால் போதாது. அது யாருடையதோ, அவரிடம் கேட்க வேண்டும்.

பழைய பாட்டுதானே, நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லைன்னு நினைக்காதீங்க. மெட்டு ஊருக்கே பொதுவாக இருக்கலாம். பாடிய தொண்டை ஒருவருடையது.

அடுத்த முறை அந்தப் பாட்டைக் கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள்: டிஃபாங், இகாய்.