ஐந்து வயதில் பேசிய குமரகுருபரரும் காத்திருக்க மறுத்த அம்மாக்களும்

இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கிடைக்கும் மருந்து ஆறுதல்தான். "ஆம்பளப் புள்ள கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்", "கோயிலுக்கு வேண்டிக்கோ, எல்லாம் சரியாப் போயிடும்". காஞ்சிபுரம், ஏனாத்தூர் பக்கம் இந்த ஆறுதலுக்குப் பக்கபலமாக ஒரு பெரிய கதையே இருக்கிறது. காமாட்சியம்மன் சன்னதியில் வாய் பேசாத ஒருவர் அம்பாளின் அருளால் கவியாகி, ஐந்நூறு சுலோகங்களைப் பொழிந்தாராம். அதுதான் மூக பஞ்சசதி. மூகர் என்றாலே ஊமை என்றுதான் பொருள்.

தெற்கே போனால் இன்னொரு கதை. 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போய் முருகன் சன்னதியில் விரதம் இருந்தார்கள். குழந்தை வாய் திறந்தது, கந்தர் கலிவெண்பா பிறந்தது என்பது வரலாறு சொல்லும் மரபு.

இந்த இரண்டு கதைகளையும் நாம் கேட்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. "பார்த்தாயா, ஐந்து வயது வரை பேசாதவர் எவ்வளவு பெரிய கவி ஆனார், நீயும் காத்திரு" என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் குமரகுருபரரின் பெற்றோர் காத்திருக்கவில்லை! அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி திருச்செந்தூர். அங்கே போனார்கள், நாள் கணக்கில் தங்கினார்கள், கிடந்தார்கள். நமக்கு வேறு வழிகளும் தெரியும். நாம்தான் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாமதமாகப் பேசிய அதே குமரகுருபரர்தான் பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழ் என்பது என்ன? காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடுவது. இந்த மாதத்தில் குழந்தை தலையை நிமிர்த்தி ஆடும், இந்த மாதத்தில் கை கொட்டும், இந்த மாதத்தில் நடந்து வரும் என்று ஒரு கணக்கு. இன்று குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணை மாதிரிதான். ஆக, மாதக் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கணக்கு தப்பினால் என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அதிக தூரமில்லாத, அதே தாமிரபரணிக் கரையில் இருக்கும் பாளையங்கோட்டையில், 1897இல் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றும் அவர் பெயரிலேயே அந்தப் பள்ளி நடக்கிறது. மிகப் பெரிய காரியம்தான். ஆனால் அது பள்ளிக்கூடம். பள்ளி வயது வந்த பிறகுதான் அங்கே போக முடியும். ஒன்றரை வயதில், இரண்டு வயதில் இருக்கும் குழந்தைக்கு என்ன வழி என்ற கேள்வி அப்படியே நின்றது.

பேச்சுப் பயிற்சி, அதாவது ஸ்பீச் தெரபி, ஒரு தனித் தொழிலாக உருவானதே ஏறத்தாழ கடந்த நூறு வருடத்தில்தான். அமெரிக்காவில் இந்தத் துறையினரின் சங்கம் 1925இல் உருவானது. இந்தியாவில் இதற்கென்று ஒரு தேசிய நிறுவனம் வந்தது 1965இல், மைசூரில். இன்று அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனம் என்று அழைக்கப்படுவது அதுதான். அதற்கு முன்னால் நம் நாட்டில் ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "இவனுக்குப் பேச்சு வரவில்லை" என்று போய் நிற்க, கோயிலை விட்டால் அநேகமாக வேறு இடமே இல்லை.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் தானாக வந்துவிட்டதா? இல்லை. அங்கேயும் அம்மாக்கள்தான் கதவைத் தட்டினார்கள். ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மகன் ஜான் 1924இல் பிறந்தவன். அவனுக்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே காது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அம்மா லூயிஸ் ட்ரேசி. மகனுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் ட்ரேசி கிளினிக்கைத் தொடங்கினார். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்னவென்றால், பயிற்சியைக் குழந்தைக்கு மட்டும் கொடுக்காமல் பெற்றோருக்குக் கொடுத்தது. கிளினிக்குக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் மூலம் இலவசப் பாடம் அனுப்பினார்கள். எங்கோ ஒரு கிராமத்து வீட்டின் சமையலறையே பயிற்சிக்கூடம் ஆனது.

நம் சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவும் இதே வழியில் யோசித்தது. சரஸ்வதி நாராயணசுவாமி அதன் நிறுவனர். காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு, பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய வயதிலேயே, கேட்கவும் பேசவும் பழக்கும் பள்ளி. குழந்தையோடு அம்மாவோ பாட்டியோ வகுப்பில் உட்கார வேண்டும். டீச்சர் செய்வதைப் பார்த்து வீட்டில் அதையே செய்ய வேண்டும். ஒரு நாளில் டீச்சரோடு இருப்பது சில மணி நேரம்தான். மிச்ச நேரம் முழுக்கக் குழந்தை வீட்டில்தானே இருக்கிறது!

1985இல் பூனம் நடராஜன் சென்னையில் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார். அவரும் பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தையின் அம்மா. பின்னாளில் அந்த அமைப்பு வித்யா சாகர் என்று பெயர் மாறியது. வாயால் பேச முடியாத குழந்தைகூட படத்தைக் காட்டி, கண்ணால் சுட்டி, கருவியைத் தட்டித் தன் மனதில் இருப்பதைச் சொல்ல முடியும் என்று அங்கே காட்டினார்கள். பேச்சு என்பது வாய் மட்டும் அல்ல என்பது பலருக்கு அங்கேதான் புரிந்தது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். 1998இல் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோவும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். காது கேளாமை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழியை விடத் தெளிவாக முன்னேறியிருந்தது. அதனால்தான் பேச்சு வரவில்லை என்று போனால் நல்ல மருத்துவர் முதலில் காதைச் சோதிக்கச் சொல்கிறார்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் பேசாத குழந்தைகள் எல்லாருக்கும் கோளாறு என்று அர்த்தமில்லை. அவர்களில் கணிசமானவர்கள் பள்ளி வயதுக்குள் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். பாட்டி சொல்வது முழுப்பொய் அல்ல. ஆனால் யார் எட்டிப் பிடிப்பார், யார் பின்தங்குவார் என்று இரண்டு வயதில் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. போய்ப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு நாள். போகாமல் விட்டு ஏதோ இருந்தால் நஷ்டம் வருடங்கள். காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிகிற கணக்குதான் இது.

இனி சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1975இல் ஊனமுற்ற குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் பெற்றோர்கள் போட்ட வழக்குகள் இருந்தன. 1986இல் அதைத் திருத்தி, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் உதவி என்று சேர்த்தார்கள். குழந்தைக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும் என்பது அதன் விசேஷம்.

பிரிட்டனில் 2008இல் ஜான் பெர்கோ என்ற எம்.பி. பேச்சு, மொழிச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான சேவைகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. ஊருக்கு ஊர் சேவை மாறுகிறது, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம் என்று அந்த அறிக்கை சொன்னது. அடுத்த வருடமே அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆனார். பேசாத குழந்தைகளுக்காகப் பேசியவர் "ஸ்பீக்கர்" ஆனது பொருத்தம்தான்.

இந்தியாவில்? 1995ஆம் வருடச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை இருந்தது, பேச்சு மொழிக் குறைபாடு இல்லை. 2016ஆம் வருடச் சட்டத்தில் பட்டியல் இருபத்தொன்றாக வளர்ந்து, பேச்சு மொழிக் குறைபாடும் சேர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வரையறையைப் படித்தால் திக்கென்கிறது. "நிரந்தர" குறைபாடு என்று இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் தாமதம் நிரந்தரமா என்று யாருக்குத் தெரியும்? நிரந்தரம் ஆகிவிடக் கூடாது என்பதற்குத்தானே தெரபியே கேட்கிறோம்! இலவசக் கல்வி உரிமையும் அந்தச் சட்டத்தில் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரைதான். உதவி அதிகம் பலன் தரும் வயதில் சட்டம் மெல்லமாகத்தான் பேசுகிறது.

இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டம். அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய முப்பது பிரச்சனைகளின் பட்டியலில் "மொழி வளர்ச்சித் தாமதம்" என்று தனியாகவே இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்க வேண்டும் என்பது விதி. இதற்கு ஊனச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தாமதம் என்ற சந்தேகமே போதும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் மையம் இருப்பது வேறு, போதுமான பயிற்சி கிடைப்பது வேறு. காஞ்சியில் ஒரு நெசவுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. வாரத்துக்கு இரண்டு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் வந்தால் இரண்டு நாள் தறி நிற்கும். மாதத்துக்கு ஒரு தடவை இருபது நிமிடம் என்று கொடுத்துவிட்டு "தெரபி கொடுத்தோம்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டால் அது குழந்தைக்குப் போதுமா?

ஆகவே பெற்றோர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். காதைச் சோதித்தாகிவிட்டதா? வாரத்துக்கு எத்தனை முறை பயிற்சி? வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா? மூன்று மாதம் கழித்து முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா? லூயிஸ் ட்ரேசி காலத்திலிருந்து பால வித்யாலயா வரை வரலாறு சொல்வது இதைத்தான். பயிற்சியாளரின் அறையில் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவானாலும், பெற்றோர் கையில் அந்த வித்தை வந்துவிட்டால் தறிக்குப் பக்கத்தில் பாவு இழுக்கும்போதும் நூல் சுற்றும்போதும் குழந்தையோடு பேச்சு நடக்கும்.

காமாட்சியம்மனை வேண்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கோயிலிலிருந்து வரும் வழியில் அரசு மருத்துவமனைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பேசத் தெரியாத குழந்தையால் தனக்கு வேண்டியதைக் கேட்க முடியாது. அதுவரை அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.