மழலைக்கேற்ற மருந்து

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த வள்ளுவர், நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுப்போரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வலி எங்கென்று சொல்லவும் அறியாத பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அக்கூறாகிய பெற்றோரின் பொறுப்பே பெரிதாகிறது. அவர்கள் கைக்கு எட்டிய மருந்துகளின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1897இல் செருமனியின் பாயர் நிறுவனத்தில் உருவாகி, 1899இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின், பெரியோர்க்கும் சிறியோர்க்கும் பொது மருந்தாக நெடுங்காலம் விளங்கியது. அளவைக் குறைத்தால் பெரியவர் மருந்தே குழந்தை மருந்தாகும் என்று உலகம் நம்பியது. 1963இல் சிட்னி நகர மருத்துவர் ரேய், குழந்தைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோயொன்றை விவரித்தார். சளிக்காய்ச்சல், சின்னம்மை ஆகியவற்றின்போது ஆஸ்பிரின் உண்ட குழந்தைகளிடம் அந்நோய் மிகுந்திருந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1982இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. 1986இல் பிரிட்டன், மருத்துவர் பணித்தாலன்றி 12 வயதுக்குட்பட்டோர்க்கு அதனைக் கொடுக்கலாகாதென அறிவித்தது. 1893இலேயே சோதிக்கப்பட்டும் 1950களில்தான் பரவலாக விற்பனைக்கு வந்த பாரசிட்டமால், ஆஸ்பிரினின் இடத்தைப் பெற்றது.

மருந்து விழிப்புணர்வில் நம் பினாங்குக்கும் பங்குண்டு. வெள்ளணுக்களைக் குறைக்கவல்ல டைப்பைரோன் என்னும் காய்ச்சல் மருந்து, 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்ட பின்னரும் பிற நாடுகளில் விற்கப்பட்டது. இத்தகைய அநீதியை எதிர்க்க 1981இல் ஜெனிவாவில் ஓர் அனைத்துலக இயக்கம் பிறந்தது. பினாங்கில் வட்டார அலுவலகம் வைத்திருந்த அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பும், அதன் அன்றைய தலைவர் அன்வார் ஃபசாலும் அதில் முன்னின்றனர். மலேசியாவிலும் 1984ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளால் மருந்துப் பதிவு கட்டாயமாயிற்று. உறையிலுள்ள 'எம்.ஏ.எல்.' எண் அதன் அடையாளம்.

ஆயினும் பதிவு பெற்ற மருந்தும் அளவு தவறினால் நஞ்சாகும். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பிலோ, ஒரு மில்லிலிட்டருக்கு 24 மட்டுமே. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால், ஏறத்தாழ நான்கு மடங்கு மருந்து உட்சென்று ஈரலைக் கெடுக்கும். குழந்தையின் எடையறிந்தே அளவைக் கொள்ளவேண்டும். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, உடனே மருத்துவரை நாடுவதே முறை.

இன்று நம்மிடம் எழுத்தும் எண்ணும் பயிலும் மாணவரே நாளைய பெற்றோர். மருந்துறையை வாசித்து அளவைக் கணக்கிடக் கற்பிப்பதும் நம் வகுப்பறைக் கடமையேயாம்.