மாலத்தீவுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருகை

இந்தியப் பெருங்கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளின் தொகுதி மாலத்தீவு. அவற்றில் மக்கள் வாழும் தீவுகள் 200-க்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5 லட்சம் சொச்சம். 1972-இல் ஆயிரத்துச் சொச்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்த இந்நாட்டுக்கு 2024-இல் வந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினர். நிலவழி எல்லை இல்லாத நாடு இது. வருகிற எல்லோருமே விமானத்திலோ கப்பலிலோ வந்து குடிவரவுத் துறையின் மேசையைக் கடந்தாக வேண்டும். அதனால் இங்கே பயணிகளின் கணக்கைப் பெரும்பாலான நாடுகளைவிட நம்பலாம். அந்தக் கணக்கை ஆண்டுவாரியாகப் படித்தால் ஐரோப்பாவின் குளிர்காலம், சீனாவின் வளர்ச்சி, டெல்லியின் கோபம் என்று வெளியுலகத்தின் கதைதான் அதிகம் தெரிகிறது. உள்ளூரில் எடுத்த முடிவுகளால் வரலாறு திரும்பிய இடங்கள் சில மட்டுமே.

1960களில் இத்தீவுகளைப் பார்வையிட்ட ஐ.நா. குழு, சுற்றுலாவுக்கு இந்நாடு ஏற்றதல்ல என்று கருதியது. அன்றிருந்த நிலையில் அது பிழையான கணிப்பு என்று சொல்ல முடியாது. நாட்டில் வங்கி கிடையாது, வெளிநாட்டுக்குத் தொலைபேசி கிடையாது. ஹுலுலே தீவில் தலைநகர் மாலேயின் மக்கள் தாமே உழைத்து அமைத்த ஓடுதளம் ஒன்றுதான் விமானம் இறங்க வழி. சூரை மீனும் மாசியும் இலங்கைக்குப் போக, அரிசியும் துணியும் அங்கிருந்து வந்தன. வெளியுலகத்துக்கு வாசல் கொழும்புதான்.

அந்த வாசல் வழியாகத்தான் சுற்றுலாவும் வந்தது. ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், மீன்பிடிக்கவும் நீந்தவும் ஆளரவமற்ற தீவுகளைத் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அகமது நசீமை அங்கே சந்தித்து, சரக்குக் கப்பலேறி மாலே வந்து சேர்ந்தார். 1972 தொடக்கத்தில் அவர் அழைத்து வந்த இருபதுக்குச் சற்றே மேற்பட்ட இத்தாலியர்கள் மாலேயில் உள்ளூர்வாசிகளின் வீடுகளில் தங்கினர். நசீம், முகமது உமர் மணிக்கு, உசைன் அஃபீஃப் ஆகிய இளைஞர்கள் சேர்ந்து, தலைநகருக்கு அருகே விகமனாபுஷி என்ற தென்னந்தீவில் அதே ஆண்டு அக்டோபரில் ‘குரும்பா’ விடுதியைத் திறந்தார்கள். 30 அறைகள். கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லால் சுவர், தென்னங்கீற்றால் கூரை. குளிக்கக் கிடைத்தது உப்புக் கரித்த கிணற்று நீர். விருந்தினருக்குச் சோறாக்கவும் மீன் சுடவும் தோணி ஓட்டவும் முதலாளிகளே ஓடினார்கள். பான்டோஸ் தீவிலும் அதே ஆண்டு ஒரு விடுதி எழுந்தது. இன்று ஓரிரவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் ஒரு தொழில், முன்மாதிரி எதுவும் இல்லாமல் கையிலிருந்த பொருளைக் கொண்டே இப்படித் தொடங்கியது.

அடுத்த பத்தாண்டில் மூன்று முடிவுகள் அடித்தளமிட்டன. 1979-இல் சுற்றுலாச் சட்டம் வந்தது. 1981-இல் ஹுலுலே ஓடுதளம் நீட்டப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து பெரிய ஜெட் விமானங்கள் நேரே இறங்கலாயின. விடுதிகளைக் குடியில்லாத தீவுகளில் மட்டுமே அமைக்க வேண்டும், ஒரு தீவுக்கு ஒரு விடுதிதான் என்ற நெறியும் உறுதிப்பட்டது. இவற்றில் ஓடுதளத்துக்கே முதலிடம் தர வேண்டும். 1980-இல் 42,000 அளவிலிருந்த வருகை 1990-இல் 1,95,000-ஐ எட்டியது. இலங்கையில் 1983-க்குப் பிறகு போர் மூண்டு, அங்கே போகப் பயணிகள் தயங்கியபோதும் மாலத்தீவின் வளர்ச்சி தடைப்படவில்லை. கொழும்பில் இறங்கியாக வேண்டிய தேவை அதற்குள் தீர்ந்திருந்தது.

அந்தப் போரின் பொறி ஒன்று மாலே வரையிலும் வந்து விழுந்தது. 1988 நவம்பர் 3 அன்று, அதிபர் மவுமூன் அப்துல் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க மாலத்தீவுக்காரர்கள் சிலர் இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டின் ஆயுதக் குழுவோடு வந்திறங்கினர். அன்றிரவே இந்தியப் படை ஹுலுலேயில் இறங்கி முயற்சியை முறியடித்தது. அடுத்த ஆண்டின் பயணிகள் கணக்கில் சரிவு இல்லை. பத்தாண்டு கழித்து, 1998-இல் கடல் சூடேறி ஆழமற்ற பகுதிகளில் பவளங்கள் வெளுத்துப் பெருமளவு மடிந்தன. முக்குளிப்போர் தேடிவந்த வண்ணமெல்லாம் சில வாரங்களில் போயிற்று. ஆனாலும் 1999-இல் வருகை கூடியது. இந்தப் புள்ளிவிவரத்தின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது: அதில் தலைகள் எண்ணப்படுகின்றன, தீவுகளைத் தாங்கி நிற்கும் பவளத்தின் நிலை எங்கும் பதிவாவதில்லை.

பதிவான முதல் பேரடி 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; விடுதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மூடப்பட்டது. அந்த ஆண்டு 6,16,716 ஆக இருந்த வருகை 2005-இல் 3,95,320-க்குச் சரிந்தது. 2006-இல் மீண்டும் 6 லட்சம். விடுதிகள் எழுந்த வேகத்தில் ஊர்கள் எழவில்லை. வீடிழந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் குடியிருப்புகளிலேயே கிடந்தனர்.

அதுவரை வந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர், ஜெர்மானியர், பிரிட்டானியர். தங்கள் நாட்டுக் குளிருக்குத் தப்பி, வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களில் வருவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். 2008-இன் நிதி நெருக்கடியில் ஐரோப்பியர் குறைந்தபோது அந்த இடத்தை நிரப்பியவர்கள் சீனர்கள். 2010-இல் பிரிட்டனை முந்திச் சீனா முதலிடம் பிடித்தது. 2013-இல் மொத்த வருகை 10 லட்சத்தைத் தாண்டியது. 2014-இல் பத்துப் பேரில் மூவர் சீனர்கள். கோடை விடுமுறையிலும் அவர்கள் வந்ததால் மழை மாதங்களின் வெறுமை குறைந்தது. ஆனால் ஐரோப்பியரைப் போல இரண்டு வாரம் தங்குவதில்லை. நான்கைந்து நாளில் கிளம்பிவிடுவார்கள். எட்டு நாளைத் தாண்டியிருந்த சராசரித் தங்கல் 2019-இல் ஆறு நாள் சொச்சமாகச் சுருங்கியது. தலை எண்ணிக்கை ஏறிய அளவுக்கு அறைகள் நிறையவில்லை.

இதே காலத்தில்தான் இவ்வரலாற்றின் மிக முக்கியமான உள்ளூர் முடிவும் வந்தது. அதற்கு முன், 1980களின் நடுவில், மக்கள் வாழும் ஊர்த்தீவுகளில் பயணிகள் தங்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அன்றுமுதல் விடுதிக்கு வேலைக்குப் போனவர்கள் தவிர, மாலத்தீவு மக்களுக்குப் பயணிகளோடு பழகும் வாய்ப்பு அரிதாயிற்று. முகமது நஷீத் அதிபராக இருந்த காலத்தில், 2009–10 வாக்கில், அந்தத் தடை விலகியது. சிறைச்சாலைக்குப் பேர்போன மாஃபுஷி தீவில் மீனவர் வீடுகள் கெஸ்ட் ஹவுஸ்களாயின. சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு விடுதிகள், முக்குளிப்புக் கடைகள், மாலேக்கு நாளெல்லாம் விரைவுப் படகுகள். ஊர்த்தீவில் மதுவுக்கு இடமில்லை. குடிக்க விரும்புகிறவர்களுக்காகக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட படகுகளில் மதுக்கூடம் நடக்கிறது. நீச்சலுடையோடு வெயில் காயக் கடற்கரையின் ஒரு பகுதி தடுப்புக் கட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் உரசல்கள் உண்டு. ஆனால் மாலத்தீவுக்குப் போக நடுத்தர வருமானக்காரருக்கு வழி திறந்ததும், பயணியின் பணம் ஊர்க்காரர் கைக்கே நேராக வரத் தொடங்கியதும் இதன்பின்தான்.

இந்தியர்களின் பெருக்கம் இதன் அடுத்த கட்டம். 2018-இல் 90,474 ஆக இருந்த இந்தியப் பயணிகள் 2019-இல் 1,66,030 ஆயினர். அவ்வாண்டின் மொத்த வருகை 17 லட்சம். 2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்றுக்காக எல்லைகள் மூடப்பட்டன. ஜூலை 15-லேயே திறக்கவும்பட்டன. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற பழைய நெறி அப்போது கைகொடுத்தது. விமானத்திலிருந்து இறங்கியவர் படகிலோ கடல் விமானத்திலோ நேரே தன் தீவுக்குப் போய்விடலாம், வேறு ஊரைத் தொட வேண்டியதில்லை. சீனாவும் ஆஸ்திரேலியாவும் கதவை அடைத்திருந்த 2021-இல் மாலத்தீவுக்கு 13 லட்சம் பேர் வந்தனர். முதலிடம் இந்தியாவுக்கு, அடுத்தது ரஷ்யா.

2024 ஜனவரியில் இந்தியப் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்வந்ததை ஒட்டி மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் சமூக ஊடகத்தில் அவரை இழிவாக எழுதினார்கள். அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டும் இந்தியாவில் எழுந்த புறக்கணிப்பு அடங்கவில்லை. 2023-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியர் வருகை 2024-இல் 1.3 லட்சமாக இறங்கியது. சீனா மீண்டும் முதலிடத்துக்கு வந்தது, மொத்தமோ 20 லட்சத்தைக் கடந்தது. பயணிகளை அனுப்பும் ஒரு நாடு பின்வாங்கினால் இன்னொன்று முன்வரும் என்பது இதுவரையில் தவறாமல் நடந்திருக்கிறது. ஆனால் 2005-இலும் 2020-இலும் நடந்ததுபோல எல்லா நாட்டவரும் ஒரேயடியாகக் குறைந்துபோனால், பிழைக்க இந்நாட்டில் மீனைத் தவிர வேறு பெருந்தொழில் இல்லை.

வருகிறவர்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வர வேண்டும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டுமானக் கல்லும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலே போகின்றன. ஈட்டிய டாலரில் பெரும்பங்கு இவ்வாறு இறக்குமதிக்கே திரும்பிவிடுவதால் அரசு வரியைத்தான் நம்புகிறது. முன்பு ஒரு படுக்கைக்கு இத்தனை டாலர் என்று வாங்கியது. 2011 முதல் சுற்றுலாவுக்கெனத் தனிப் பொருள்-சேவை வரி வந்தது. கழிவகற்றலுக்கும் கரை அரிப்பைத் தடுப்பதற்கும் என 2015-இல் ‘பசுமை வரி’ சேர்ந்தது. விடுதிகளில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 6 டாலராக இருந்த அது, 2025 ஜனவரி முதல் 12 டாலர். சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர். இந்த வரி எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதில்லை, எத்தனை இரவு தங்கினார்கள் என்றே பார்க்கிறது.