வீட்டுக்குத் திரும்பி வர வேண்டிய பந்தயக் கார்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரணமல்லூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு என் பழைய மாருதி எஸ்டீமை ஓட்டிக்கொண்டு போனேன். நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து எப்படியோ ஓரங்கட்டினேன். தப்பு என்னுடையதுதான். பிரேக் ஆயில் மாற்றி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அவ்வளவுதான் விஷயம்.

காரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் மகன் கேட்டான்: “அப்பா, இதே கார்லதானே வீட்டுக்குப் போகணும்?”

அந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைகளைத் தேட வைத்தது. ஒரே காரில் ரேஸும் ஓட்டி, அதிலேயே வீட்டுக்கும் வர வேண்டியவர்கள் நமக்கு முன்னால் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். 1980-களில் விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். எனக்கு அவர்களைவிட, சொந்தக் காரோடு வந்த சாதாரண ஆட்கள்தான் சுவாரசியம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்றே வகைதான் கையில் கிடைக்கும்.

அம்பாசடருக்கு 1489 சிசி, ஃபியட்டுக்கு 1089 சிசி. இன்ஜினை மட்டும் பார்த்தால் அம்பாசடரைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் அது ஃபியட்டைவிட சுமார் 200 கிலோ கூட. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்த காலத்தில், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த 200 கிலோவையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். பிறகு பத்மினி என்று பெயர் மாறிய அந்த ஃபியட், டாக்சியாகவும் ஓடியது, பந்தயத்திலும் ஓடியது. டாக்சி ஓடிய ஊரில் மெக்கானிக்கும் ஸ்பேரும் தேடி அலைய வேண்டியதில்லை.

எடை மட்டும் போதுமா? போதாது. அதற்கு சாட்சி பெங்களூரின் சிபானி டால்ஃபின். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனைப் பார்த்து 1982 வாக்கில் செய்த, ஃபைபர் பாடி போட்ட குட்டிக் கார். 848 சிசி. தடத்திலும் ராலியிலும் ஓட்டியவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் சந்தையில் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மாருதிக்கு 796 சிசிதான். பத்மினிக்கும் அதற்கும் குதிரைசக்தி கிட்டத்தட்ட ஒன்றே, 40-க்கு அருகில். ஆனால் பத்மினி 900 கிலோவை நெருங்கும். மாருதி 650 கிலோதான். கணக்கு போட்டால் டன்னுக்கு 45 குதிரைசக்தி ஒருபக்கம், 60 மறுபக்கம். அதோடு ஊருக்கு ஊர் ஸ்பேர் கிடைத்தது. கோவையின் கரிவரதன் அந்த மாருதி இன்ஜினையும் கியர்பாக்சையும் வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், முதல் பந்தயம் ஓட்டியதும் அதில்தான்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. 1994-ல் எஸ்டீம் வந்தது. எஸ்டீமின் 1298 சிசி இன்ஜின் பிந்தைய மாடல்களில் 85 குதிரைசக்தி தரும். எடை 900 கிலோவுக்குள். அதே குடும்ப இன்ஜின் ஜிப்சியிலும் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்ததால் ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது. வருஷக்கணக்கில் அது பந்தயக் காராக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இதே கேள்வியைக் கேட்டால் மஸ்டா மியாட்டா என்பார்கள். நமக்கு அது கிடையாது. நம்ம மியாட்டா எஸ்டீம்தான்.

ஆரணிப் பக்கம் பழைய தறி வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்கமாட்டார். உடைந்தால் சாமான் கிடைக்குமா, சரிசெய்ய ஆள் இருக்கா என்றுதான் கேட்பார். பழைய காருக்கும் அதேதான். முதலில் துரு: பானெட்டைத் திறந்து சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் மேடை, பிறகு மேட்டைத் தூக்கி அடித்தளம். இன்ஜினைக் கழற்றி சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த பாடியை முடியாது. அடுத்து கம்ப்ரஷன் சோதனை. கடைசியாகப் பேப்பர்: 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். கம்பெனி வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ரோட்டிலும் ஓட்ட வேண்டிய காரை வெட்டி ஒட்டினால் எஃப்.சி.யில் மாட்டுவோம்.

மிச்சம் பிடித்த காசை நான் இன்ஜினில் போடவில்லை. நல்ல பிரேக் பேட், டாட் 4 ஆயில், நான்கு புது டயர். ஆயிலை இப்போது வருஷா வருஷம் மாற்றுகிறேன். அன்றைக்கு மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரும்போது இரவு ஒன்பது மணி. பக்கத்து சீட்டில் பையன் தூங்கிவிட்டிருந்தான். நான்தான் ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு தடவை பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.